சொல்லைச் சுமந்த குரல்: பெகி ஆஷ்கிராஃப்ட்

கவிதை ஏட்டில் துயில்கின்றது. ஒருவர் நாவில் அது விழித்தெழுகின்றது. இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றையும் ஒரே மொழியின் மூன்று முகங்களாகக் கண்ட தமிழ் மரபுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், ஒரு கவிஞரின் அடியை எவ்வாறு சொல்வது என்னும் வினா எக்காலத்தும் எளிதாக இருந்ததில்லை. இசையாக நீட்டினால் பொருள் மங்கும். வெறும் பேச்சாகக் குறுக்கினால் யாப்புச் சிதையும். ஆங்கில நாடக மேடையில் இவ்விரு குறைகளுக்கும் இடையே ஒரு வழி கண்டு, 1926 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வழியில் நடந்தவர் பெகி ஆஷ்கிராஃப்ட்.

எழுபத்தேழாம் வயதில் பெற்ற ஆஸ்கர் விருதினாலேயே உலகின் பெரும்பகுதி அவரை அறிந்தது. ஆனால், அவ்விருது நெடியதொரு பயணத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்தது. அப்பயணம் ஒரு குரற்பயிற்சிப் பள்ளியில் தொடங்கியது. குரல் அடங்கிப்போன பெண்களின் வேடங்களில் நிறைவுற்றது. இவ்விரு முனைகளுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பதே இங்குக் காணத்தக்கது.

அழகிய குரல் போதுமா?

இலண்டனுக்குத் தெற்கேயுள்ள கிராய்டன் நகரில் 1907ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் அவர் பிறந்தார். எடித் மார்கரெட் எமிலி ஆஷ்கிராஃப்ட் என்பது முழுப்பெயர். தந்தையார் முதல் உலகப் போரில் உயிர் நீத்தார். தாயார் நாடக ஆர்வம் மிக்கவர். எல்சி ஃபோகர்ட்டி என்னும் புகழ்பெற்ற ஆசிரியையிடம் பேச்சுப் பயிற்சி பெற்றவர். மகளும் தம் பதினாறாம் வயதில் அதே ஆசிரியை 1906இல் நிறுவிய பேச்சு, நாடகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். இலண்டனின் ஆல்பர்ட் மண்டபத்தில் இயங்கிய அப்பள்ளியில் அவருடன் பயின்றவர்களுள் ஒருவர் பின்னாளில் பெரும்புகழ் எய்திய லாரன்ஸ் ஒலிவியர்.

தெளிவான ஒலிப்பும் இனிய குரலும் அப்பள்ளியின் குறிக்கோள்கள். மாணவியான ஆஷ்கிராஃப்ட்டுக்கு அவை போதவில்லை. உருசிய நாடக மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் தன்வரலாற்று நூல் அப்போதுதான் ஆங்கிலத்தில் வெளிவந்திருந்தது. நடிப்பு என்பது உள்ளிருந்து எழும் உண்மை என்று அந்நூல் அவருக்கு உணர்த்தியது. மனத்தில் நிகழ்வதே உடலில் வெளிப்பட வேண்டும் என்னும் இக்கருத்து, மெய்ப்பாட்டுக்குத் தனியோர் இயல் வகுத்த மொழியினருக்கு அயலானதன்று. இனிமையை விட்டுவிடாமல் உண்மையைப் பற்றிக்கொள்வது எவ்வாறு என்பதே அன்று முதல் அவரது தேடலாயிற்று. 1926இல் பர்மிங்காம் ரெப்பர்ட்டரி அரங்கில், ஜே.எம். பாரி எழுதிய நாடகமொன்றின் வாயிலாக அவரது மேடை வாழ்வு தொடங்கியது.

ஒதெல்லோவின் அருகில்

1930ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் சவாய் அரங்கில் 'ஒதெல்லோ' மேடையேறியது. ஒதெல்லோவாக நடித்தவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரா ஆல்ட்ரிஜ் நடித்த பின்னர், இலண்டன் பெருமேடையில் அவ்வேடத்தைக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் ஏற்றது அப்போதுதான். டெஸ்டிமோனாவாக நடித்த ஆஷ்கிராஃப்ட்டுக்கு வயது இருபத்திரண்டு.

கறுப்பின ஆடவரும் வெள்ளையினப் பெண்ணும் கணவன் மனைவியாக மேடையில் நெருங்கி நின்றதும், முத்தக் காட்சியும் செய்தித்தாள்களின் பேசுபொருளாயின. இழிமொழி நிறைந்த கடிதங்கள் ஆஷ்கிராஃப்ட்டின் கைக்கு வந்தன. அதற்கு முந்தைய ஆண்டில்தான், அவ்வரங்கை ஒட்டிய சவாய் விடுதியின் உணவகத்தில் ரோப்சனுக்கு இடம் மறுக்கப்பட்டு, அது பெருஞ்செய்தியாகியிருந்தது. மேடையில் தளபதியாக நின்று கைதட்டல் பெற்றவர், அடுத்த வாயிலில் உணவருந்தத் தகுதியற்றவராகக் கருதப்பட்ட முரணை இளம் நடிகை நேரில் கண்டார். நிறவேற்றுமையின் கொடுமையைத் தாம் முதன்முதலில் உணர்ந்தது அப்போதுதான் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

நாடகத்தில் டெஸ்டிமோனா, நிறத்தைக் கண்டன்று, உள்ளத்தைக் கண்டே தான் கணவனைத் தேர்ந்ததாக அவை நடுவே அறிவிக்கின்றாள். ஏட்டில் அது முந்நூறு ஆண்டுப் பழமையுடைய கூற்று. 1930இல், வசைக் கடிதங்களைப் பெற்றுக்கொண்டே இரவுதோறும் அதைச் சொல்லியவருக்கு, அது அன்றைய சொல்லாக இருந்தது. பழைய அடி ஒன்று எவ்வாறு புதிதாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ரோப்சன் தம் தாய்நாட்டில் பிராட்வே மேடையில் ஒதெல்லோவாகத் தோன்ற 1943 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஒரு ஜூலியட், இரு ரோமியோக்கள்

1932-33 பருவத்தில் லிலியன் பேலிஸ் நடத்திய ஓல்டு விக் அரங்கில் ஷேக்ஸ்பியரின் நாயகியர் பலராக அடுத்தடுத்து நடித்தார். போர்ஷியா, ரோசலிண்ட், இமோஜன், பெர்டிட்டா, மிராண்டா, ஜூலியட் எனப் பாத்திரங்கள் வரிசையாக வந்தன. ஒரு பாத்திரம் மனத்தில் ஊன்றுமுன் அடுத்ததற்கு ஆயத்தமாக வேண்டிய கடும் பயிற்சி அது.

1935இல் நியூ அரங்கில் ஜான் கில்குட் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்' ஆங்கில நாடக வரலாற்றில் தனியிடம் பெற்றது. ஒலிவியர் முதலில் ரோமியோவாகவும் கில்குட் மெர்குஷியோவாகவும் நடித்தனர். சில வாரங்களுக்குப் பின் இருவரும் வேடங்களை மாற்றிக்கொண்டனர். இருவருடைய முறைகளும் இரு துருவங்கள். கில்குட்டின் நாவில் அடிகள் இசையாய் ஒழுகின. ஒலிவியரோ அவற்றை இரத்தமும் தசையும் உள்ள இளைஞனின் பேச்சாக்க முயன்றார். யாப்பைச் சிதைக்கின்றார் என்று திறனாய்வாளர் பலர் அவரைக் கடிந்தனர். இருவருக்கும் எதிரே நின்ற ஜூலியட் ஒருவரே.

கவிதையை உரைப்பதில் அன்று எழுந்த வழக்கின் இரு தரப்புகளும் அம்மேடையில் ஒருங்கே நின்றன. ஆஷ்கிராஃப்ட் எத்தரப்பையும் சேரவில்லை. யாப்பின் ஓட்டத்தைக் காத்துக்கொண்டே, அச்சொல் அக்கணத்தில்தான் அப்பெண்ணின் மனத்தில் பிறந்தது போலப் பேசுவதே அவரது முறை. செகாவின் நாடகங்கள் அம்முறைக்கு உரமிட்டன. 1936இல் 'கடற்பறவை'யின் நீனாவாகவும், 1938இல் 'மூன்று சகோதரிகள்' நாடகத்தின் இரீனாவாகவும் நடித்தபோது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைப்பட்ட மௌனமும் பேசும் என்பதை அவர் செயலில் கற்றார்.

போர்க்காலக் கவியரங்கு

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943இல், அப்பல்லோ கழகம் என்னும் அமைப்பு தோன்றியது. அதன் நிறுவனருள் ஆஷ்கிராஃப்ட் ஒருவர். பியானோ கலைஞர் நடாஷா லிட்வின் மற்றொருவர். கவிஞர் செசில் டே-லூயிஸ் முதலியோர் அதனுடன் இணைந்து செயற்பட்டனர். கவிதை வாசிப்பையும் இசையையும் ஒரே நிகழ்ச்சியில் இணைத்து மக்கள்முன் வைப்பது அதன் பணி. ஒப்பனையோ, காட்சித்திரையோ, கதையோ அங்கில்லை. ஒரு கவிதை, ஒரு குரல், கேட்போர் கூட்டம் ஆகியன மட்டுமே இருந்தன.

புகழின் உச்சியிலிருந்த நடிகை ஒருவர் இதற்கென நேரம் ஒதுக்கியதன் பொருளைக் கவிஞர்கள் எளிதில் உணர்வர். வேடத்தின் துணையின்றிச் சொல்லை மட்டும் கொண்டு கேட்போரை நிறுத்த இயலுமா என்பதே அங்கு எழுந்த சோதனை. அச்சோதனையை அவர் பல ஆண்டுகள் விரும்பி ஏற்றார்.

அரசியும் முதியவளும்

1956இல் 'டேம்' என்னும் உயர் சிறப்பினைப் பெற்றார். பிறந்த ஊரான கிராய்டனில் 1962இல் திறக்கப்பட்ட அரங்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. இத்தகைய நிலையை எய்தியோர் பெரும்பாலும் ஓய்வு நாடுவர். அவரோ பீட்டர் ஹால் உருவாக்கிய ராயல் ஷேக்ஸ்பியர் குழுவின் தொடக்ககால உறுப்பினராகி, தனிநட்சத்திரமாக நில்லாமல் குழுவின் ஒருவராக உழைத்தார்.

அக்குழு 1963இல் 'ரோஜாப் போர்கள்' என்னும் பெயரில், ஷேக்ஸ்பியரின் நான்கு வரலாற்று நாடகங்களை மூன்றாகச் சுருக்கி அரங்கேற்றியது. அதில் அரசி மார்கரெட்டாக நடித்தபோது ஆஷ்கிராஃப்ட்டுக்கு வயது ஐம்பத்தைந்து. பிரான்சிலிருந்து வரும் இளமணப்பெண்ணாகத் தொடங்கி, படைநடத்தும் வீராங்கனையாகி, கணவனையும் மகனையும் இழந்து சாபமிடும் மூதாட்டியாக முடியும் பாத்திரம் அது. பகைவனான யார்க் கோமகனின் தலையில் காகித முடியைச் சூட்டி, அவன் மகனின் குருதி தோய்ந்த துணியை அவனிடமே நீட்டும் காட்சியில் கொடுமையின் எல்லையை அவள் தொடுகின்றாள். பின்னர் அதே துயரம் அவளையும் வந்தடைகின்றது. டெஸ்டிமோனாவையும் ஜூலியட்டையும் கண்டு மென்மைக்கு உரியவர் என்று அவரை வகுத்திருந்தோர் வியந்து நின்றனர். அவரது தலைசிறந்த வேடங்களுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகின்றது.

புதிய எழுத்தாளர்களையும் அவர் ஒதுக்கவில்லை. ஹரால்டு பின்டரின் 'நிலக்காட்சி' நாடகத்தில் சில சொற்களை நீக்காமல் மேடையேற்ற, அன்றைய நாடகத் தணிக்கை இசையவில்லை. ஆசிரியர் சொற்களை நீக்க உடன்படாமையால், 1968இல் அது முதலில் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. ஆஷ்கிராஃப்ட் குரல் தந்தார். அவ்வாண்டே தணிக்கைமுறை ஒழிக்கப்பட, 1969இல் மேடையிலும் அவரே நடித்தார். 1975இல் சாமுவேல் பெக்கெட்டின் 'மகிழ்ச்சியான நாட்கள்' நாடகத்தை இலண்டனில் தேசிய நாடகக் குழுவுக்காக நடித்தார். அதன் நாயகி வின்னி முதல் அங்கத்தில் இடுப்புவரையும், இரண்டாம் அங்கத்தில் கழுத்துவரையும் மண்ணில் புதைந்திருக்கின்றாள். உடல் அடங்கிய பின் எஞ்சுவது குரல் மட்டுமே. குரலையே வாழ்வாகக் கொண்டவருக்கு இவ்வேடம் ஒரு சோதனை. அதனைத் தம் அறுபத்தேழாம் வயதில் அவர் ஏற்றார்.

குரல் அடங்கிய பெண்கள்

திரைப்படம் அவருக்கு இரண்டாம் இடத்திலேயே இருந்தது. ஹிட்ச்காக்கின் 'முப்பத்தொன்பது படிகள்' (1935) படத்தில் சிறுநிலக்காரனின் மனைவியாகச் சில நிமிடங்களே தோன்றினார். கணவனின் கடுமைக்கு அஞ்சி வாழும் அப்பெண்ணின் ஏக்கம் அச்சில நிமிடங்களில் முழுமையாக வெளிப்பட்டது.

1984இல் இந்தியப் பின்னணி கொண்ட இரு வேடங்கள் அவரைத் தேடி வந்தன. முதலாவது, பால் ஸ்காட்டின் நாவல்களைத் தழுவிப் பதினான்கு பகுதிகளாக ஒளிபரப்பான 'மணிமுடியின் மாணிக்கம்' என்னும் தொலைக்காட்சித் தொடர். அதில் பார்பி பேச்சலர் என்னும் ஓய்வுபெற்ற சமயப்பணிப் பள்ளி ஆசிரியை அவர். ஓயாமல் பேசும் இயல்புடைய பார்பி, அடைக்கலம் தந்த தோழி இறந்ததும் வீட்டை இழக்கின்றாள், மதிப்பை இழக்கின்றாள், இறுதியில் பேச்சையும் இழந்து மருத்துவமனைச் சாளரத்தருகே அடங்கிப் போகின்றாள்.

இரண்டாவது, ஈ.எம். ஃபார்ஸ்டரின் நாவலை டேவிட் லீன் படமாக்கிய 'இந்தியாவுக்கு ஒரு பயணம்'. மராபார் குகைகளுக்கெனக் கர்நாடகத்தின் சாவனதுர்காவும் இராமநகரப் பாறைகளும், இரயில் பயணத்துக்கென நீலகிரி மலை இரயில் பாதையும் படமாக்கப்பட்டன. மூர் அம்மையாராக வரும் ஆஷ்கிராஃப்ட், நிலவொளியில் மசூதியில் மருத்துவர் அஜீஸைச் சந்தித்து, இன எல்லையைக் கடந்த நட்பொன்றை ஓரிரு சொற்களில் தொடங்கி வைக்கின்றார். ஆனால், குகையின் எதிரொலி எல்லாச் சொல்லையும் ஒரே பொருளற்ற ஓசையாக்கி அவரைக் குலைத்துவிடுகின்றது. அஜீஸ் குற்றமற்றவர் என்று நம்பியும், வழக்குக்கு முன்பே கப்பலேறி, கடற்பயணத்தில் இறக்கின்றார். வழக்கு நடக்கும் நாளில் மக்கள் கூட்டம் அவர் பெயரையே முழக்கமாக்குகின்றது. 1930இல் டெஸ்டிமோனாவாக நின்றவர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நிறவேற்றுமையின் வாயிலில் அதே பக்கத்தில் நின்றார். இவ்வேடமே 1985இல் அவருக்கு ஆஸ்கர் விருதினை ஈட்டித் தந்தது.

1989இல் வெளிவந்த 'அவள் வெளியூரில் இருந்தாள்' என்னும் படத்தில், அறுபதாண்டுகள் மனநல விடுதியில் அடைக்கப்பட்டு, அரிதாகவே வாய் திறக்கும் முதியவளாக நடித்தார். வெனிஸ் திரைப்பட விழாவில் உடன் நடித்த ஜெரால்டின் ஜேம்ஸுடன் அவருக்குச் சிறந்த நடிகை விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. பார்பி, மூர் அம்மையார், இம்மூதாட்டி ஆகிய மூவரும் சொல்லை இழந்தவர்கள். சொல்லின் எடையை அறுபதாண்டுகள் நாவில் தாங்கி அறிந்தவர்க்கே, சொல் நின்றுபோகும் இடத்தின் எடையும் தெரியும்.

முசுக்கட்டை மரம்

பெகி ஆஷ்கிராஃப்ட் 1991ஆம் ஆண்டு சூன் திங்கள் 14ஆம் நாள் இலண்டனில் காலமானார். அவரது ஓதெல்லோ மேடையை இன்று எவரும் காண இயலாது. அந்த ஜூலியட்டின் குரலும் காற்றோடு கலந்துவிட்டது. நடிப்பவரின் கலை நடிப்பவரோடு மறைவது. கவிஞரின் வரி நிலைக்கின்றது. அதற்கு உயிர் தந்த குரல் நிலைப்பதில்லை. இதனை முற்றும் அறிந்தே அவர் அவ்வரிகளுக்குத் தம் வாழ்வை அளித்தார்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் வாழ்ந்த நியூ பிளேஸ் மனையில் அக்கவிஞரே ஒரு முசுக்கட்டை மரம் நட்டதாக ஊர்வழக்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அம்மரம் வெட்டப்பட்டது. அவ்விடத்துத் தோட்டத்தில் 1969இல் ஆஷ்கிராஃப்ட் தம் கையால் ஒரு முசுக்கட்டைக் கன்றை நட்டார். அவரது சாம்பல் அம்மரத்தின் அடியிலேயே தூவப்பட்டது.