திரையைப் பார்க்க ஒருவர், வானத்தைப் பார்க்க ஒருவர்



கடந்த கோடையில் ஏரிக்கரையில் நடந்த நமது சபை ஒன்றுகூடல் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று வாலிபர் பகுதியினராகிய நாங்கள் ஒரு சின்ன ட்ரோனைக் கடன் வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். எல்லாரும் புல்தரையில் வட்டமாக நிற்க, மேலிருந்து ஒரு படம் எடுக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை. நல்ல மத்தியான வெயில். ரிமோட்டில் பொருத்தியிருந்த போனின் திரையில் எங்கள் முகங்களும் தொப்பிகளுந்தான் தெரிந்தன. கமரா காட்டிய படம் தெரியவில்லை. ஒருவர் தன் ஜக்கெற்றைக் கழற்றிக் குடைபோலப் பிடித்தார். ஐந்து தலைகள் அதற்குள் புகுந்தன. வானத்தைப் பார்க்க ஒரு தலைகூட வெளியே மிஞ்சவில்லை. ட்ரோன் பின்பக்கமாகப் போய் ஒரு பைன் மரத்தில் மோதியது. கிளைகளுக்கூடாக உருண்டு, கீழே விரித்திருந்த பாயின்மேல் விழுந்தது. இரண்டு நிமிடங்களுக்கு முன்புவரை அந்தப் பாயில் ஒரு பெரியம்மா இருந்தார். தேநீர் எடுக்க எழுந்துபோயிருந்தபடியால் தப்பினார்.

"திரை சரியில்லை, நல்ல மொனிற்றர் ஒன்று வாங்கவேண்டும்" என்று அன்று எல்லாரும் சொன்னோம். இந்த ஆண்டு அதற்கென்று கொஞ்சம் பணமும் சேர்த்திருக்கிறோம். எதை வாங்குவது என்று விசாரிக்கப்போன இடத்தில், பறக்கும் கமராவின் படத்தைத் தரையிலிருந்து பார்க்கும் இந்தத் திரைக்கு ஒரு நீண்ட கதை இருப்பதைக் கண்டோம். அந்தக் கதையைப் படித்தபின், அன்று எங்களிடம் குறைவாயிருந்தது திரை மட்டுமல்ல என்று விளங்கியது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் திரையே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1858இல் பிரான்சில் நதார் என்ற படப்பிடிப்பாளர், கயிற்றால் கட்டிய பலூனில் ஏறிப் பாரிசுக்கு அருகே படம் எடுத்தார். பலூனிலிருந்து கசிந்த வாயு கண்ணாடித் தட்டுகளைப் பழுதாக்கியதால், முதலில் அவர் எடுத்தவை வெறும் கறுப்பாகவே வந்தன. 1860இல் ஜேம்ஸ் வொலஸ் பிளாக் பொஸ்டன் நகரின்மேல் பலூனிலிருந்து எடுத்த படமே இன்று கிடைக்கும் வான்படங்களில் மிகப் பழையது. அதன்பின் ஆள் ஏறாமலே கமராவை மேலே அனுப்பினார்கள். 1888இல் பிரான்சிலே ஆர்தர் பத்யூ பட்டத்தில் கமராவைக் கட்டி, மெதுவாக எரியும் திரி ஒன்றினால் அதன் மூடியைத் திறக்கச் செய்தார். 1906இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்த சான் பிரான்சிஸ்கோ நகரை ஜோர்ஜ் லோரன்ஸ் படம் பிடித்தார். பல பட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, 20 கிலோவுக்கும் கூடிய கமராவை ஏறத்தாழ 2000 அடி உயரத்துக்கு ஏற்றினார். ஜெர்மனியில் மருந்தகம் நடத்திய யூலியுஸ் நொய்ப்ரொன்னர் புறாவின் மார்பில் சின்னக் கமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, 1908இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

இவர்களில் பட்டத்தையும் புறாவையும் நம்பியவர்களுக்கு ஒரு கஷ்டம் பொதுவாயிருந்தது. கமரா மேலே இருக்கும்போது அது எதைக் காண்கிறது என்று தரையில் நின்ற எவருக்கும் தெரியாது. இறங்கி வந்து, தட்டைக் கழுவிப் பார்த்த பிறகுதான் ஏரி விழுந்ததா, வானம் மட்டும் விழுந்ததா என்று அறியலாம். ஆனாலும் அவர்கள் கண் எப்போதும் பட்டத்தின்மேலேயே இருந்தது. பார்க்க வேறொன்றும் அவர்களிடம் இருக்கவில்லை.

தரையிலிருந்தே காணவேண்டும் என்ற ஆசையை நிறைவேற்றியது தொலைக்காட்சி. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த விளாடிமிர் ஸ்வோரிகின், தொலைக்காட்சிக் கமராக் குழாயை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1934இல் அவர் தாம் வேலைசெய்த ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். மின்கண் பொருத்திய பறக்கும் குண்டு ஒன்றைத் தூரத்திலிருந்து பார்த்து ஓட்டலாம் என்பதே அதன் சாரம். இரண்டாம் உலகப்போர் வந்தபோது அமெரிக்கக் கடற்படை அதைச் செய்து பார்த்தது. ரி.டி.ஆர்-1 என்பது அந்த விமானத்தின் பெயர். இரண்டு என்ஜின், மூக்கில் கமரா, வயிற்றில் குண்டு. போர்முனைக்குப் போகையில் அதில் ஆள் இல்லை. சில மைல் பின்னால் அவெஞ்சர் என்ற விமானம் ஒன்று தொடர்ந்து பறந்தது. அதற்குள் ஏறத்தாழ 5 அங்குல அளவான ஒரு திரை இருந்தது. இன்று நமது பையிலுள்ள போனின் திரையைவிடச் சிறியது, படமும் மங்கல். 1944 ஜூலை 30ஆம் தேதி, குவாடல்கனால் தீவின் கரையில் தட்டிக் கிடந்த ஒரு ஜப்பானியக் கப்பலின்மேல் அதைப் பரீட்சித்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 27 தொடக்கம் ஏறத்தாழ ஒரு மாதம் சாலமன் தீவுகள் பகுதியில் போரிலும் பயன்படுத்தினார்கள். பின்பு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இந்த இடத்தில் இரண்டு காரியங்களைக் கவனித்தோம். முதலாவது, திரையைப் பார்த்து ட்ரோனை ஓட்டியவர் தாம் இருந்த விமானத்தை ஓட்டவில்லை. அதற்கு வேறொரு விமானி முன்னால் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குள் கண்ணை வைத்தவர் தன்னைச் சுற்றி நடப்பதைக் காணமாட்டார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது.

இரண்டாவது காரியம் சொல்லக் கஷ்டமானது. இந்தத் திரை முதலில் போருக்காகவே உருவாக்கப்பட்டது. பிற்காலப் போர்களிலும் அது மறையவில்லை. நமது சபையில் வன்னியிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. அங்கே மேலே சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தைச் சனங்கள் 'வண்டு' என்று அழைத்தார்கள். அது இரைந்தால் பின்னால் என்ன வரும் என்று பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இன்று நமக்குப் பக்கத்தில் இருந்து பாட்டுப் பாடுகிறார்கள். ஏரிக்கரையில் எங்கள் ட்ரோன் எழும்பியபோது ஓர் அண்ணா பேச்சை நிறுத்திவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனதைப் பின்னர் ஒரு அக்கா சொல்லித்தான் அறிந்தோம். நாங்கள் அப்போது ஜக்கெற்றுக்குள் இருந்தோம்.

சரி, கதையைத் தொடருவோம். போர்க்கருவியாயிருந்த இந்தத் திரை பொழுதுபோக்காளரின் கைக்கு வந்தபோது, அவர்கள் கிடைத்ததைக் கொண்டு சமாளித்தார்கள். காரைப் பின்னால் எடுப்பதற்கென்று விற்கப்பட்ட 7 அங்குலத் திரை, 12 வோல்ற் பற்றரி, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் படம் வாங்கும் ஒரு பெட்டி ஆகியவற்றை முக்காலியில் கட்டினார்கள். அதில் ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. அநேக மொனிற்றர்கள் அலை சற்றுப் பலவீனமானவுடன் படத்தை நிறுத்தி முழுத் திரையையும் நீலமாக்கிவிடும். வீட்டில் அது அழகுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. பறக்கும்போதோ, அது ஓட்டுபவரின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம். புள்ளி புள்ளியாய் இரையும் மோசமான படமென்றாலும், அதில் மரம் எது, வானம் எது என்று தெரியும். ட்ரோனைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். ஆகையால் 'நீலத்திரை வராத' மொனிற்றரைத் தேடி வாங்கினார்கள். இரண்டு அன்ரெனாக்களில் எது நன்றாக வாங்குகிறதோ அதையே எடுக்கும் பெட்டிகளும் வந்தன.

2010 ஜனவரியில் பிரான்சின் பரொட் நிறுவனம் ஏ.ஆர்.ட்ரோனைக் காட்டியது. போனையே ரிமோட்டாகவும் திரையாகவும் வைத்து வைஃபை மூலம் ஓட்டலாம். 2013இல் டி.ஜே.ஐ. நிறுவனத்தின் முதல் பான்டம் வந்தபோது அதில் கமரா கிடையாது. தனிக் கமராவை வாங்கிக் கீழே மாட்டவேண்டும். அதே ஆண்டின் பிற்பகுதியில் கமராவும் போனில் படமும் சேர்ந்த பான்டம் வந்துவிட்டது. 2014 நவம்பரில் வந்த இன்ஸ்பயர் 1இல் இரண்டு ரிமோட்டுகளை இணைக்கலாம்: ஒருவர் பறக்கவிட, மற்றவர் கமராவைத் திருப்புவார். எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அவெஞ்சரில் இருந்த அதே இரண்டு பேர் ஏற்பாடு இது.

போன் திரையில் மீதியாயிருந்த குறை வெயில். திரையின் வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்ற அளவில் சொல்கிறார்கள். சாதாரண மடிக்கணினிகள் பல 250, 300 நிட்ஸ் மட்டில் நிற்கும். 2016இன் பான்டம் 4 ப்ரோ பிளஸ் ரிமோட்டில் 5.5 அங்குல, 1000 நிட்ஸ் திரை சேர்ந்தே வந்தது. 2017இல் கிரிஸ்டல்ஸ்கை என்ற தனி மொனிற்றர் வந்தது, அதன் 7.85 அங்குல வகை 2000 நிட்ஸ் வரை போனது. இன்று சிறிய ட்ரோன்களோடு வரும் திரை ரிமோட்டுகளில் 700 நிட்ஸ் அளவானவையும் உண்டு.

இந்த வரலாற்றிலிருந்து வாங்குபவர்களுக்கு நாங்கள் பொறுக்கிய பாடங்கள் இவை. அளவைவிட வெளிச்சமே முதலில் பார்க்கவேண்டியது. வெயிலில் மங்கும் 10 அங்குலத்தைவிடத் தெளிவான 5.5 அங்குலம் நல்லது. கூடிய வெளிச்சம் பற்றரியைச் சீக்கிரம் குடிக்கும், திரையையும் சூடாக்கும். மேலதிகப் பற்றரி ஒன்று வேண்டும். மாரியில் குளிர் பற்றரியை இன்னும் இளைக்கச் செய்யும்; பனியின் வெள்ளை வெயிலைப்போலவே கண்ணைக் கூசவைக்கும். ஒரு மட்டை மறைப்புக்கூட நல்ல உதவி. போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டால் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக்க இருண்டுவிடும். வாங்குமுன் போட்டுப் பார்க்கவேண்டும். மற்றவர்களுக்குக் காட்ட இரண்டாவது திரை வேண்டுமென்றால் ரிமோட்டில் எச்.டி.எம்.ஐ. வாய் இருக்கிறதா என்று கேட்கவேண்டும், எல்லாவற்றிலும் இல்லை. கம்பியில்லாமல் படத்தை இன்னொரு திரைக்கு அனுப்பினால் அது சற்றுப் பிந்தி வரலாம். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது பரவாயில்லை. ஓட்டுபவர் அந்தத் திரையை நம்பக்கூடாது.

ஆனால் எந்த மொனிற்றரும் கமரா நோக்கும் பக்கத்தைத்தான் காட்டும். பின்னால் இருக்கும் பைன் மரத்தை எங்கள் ட்ரோனின் கமரா காட்டியிருக்காது. கீழே பாயில் இருப்பவரையோ, சத்தத்தைக் கேட்டுப் பயப்படுபவரையோ 2000 நிட்ஸ் திரையும் காட்டாது. கனடாவின் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2019 ஜூன் முதலாம் தேதி தொடக்கம், 250 கிராமிலிருந்து 25 கிலோ வரையான ட்ரோனைப் பதிவுசெய்யவேண்டும். ஓட்டுபவர் சான்றிதழ் பெறவேண்டும். அடிப்படைச் சான்றிதழுக்கு 14 வயது ஆகவேண்டும். சாதாரணமாக 122 மீற்றருக்குமேல் உயரக்கூடாது. ட்ரோன் பொதுவாகக் கண்பார்வைக்குள் இருக்கவேண்டும். கமராவின் பார்வையிலேயே பறப்பதற்கான கண்ணாடியைத் தலையில் மாட்டினால், வானத்தைக் கவனிக்கும் ஒருவர் பக்கத்தில் கட்டாயம் நிற்கவேண்டும். நாங்கள் கடன் வாங்கியது 250 கிராமுக்குக் குறைந்தது. ஆகையால் இந்த விதிகளில் பல அதற்குப் பொருந்தா. ஆனால் கவனயீனமாகப் பறக்கவிட்டு ஆட்களுக்கு ஆபத்து உண்டாக்குவது எந்த நிறையிலும் குற்றமே. அந்தப் பெரியம்மாவின் பாயில் விழுந்த ட்ரோன் எத்தனை கிராம் என்று கணக்குப் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே நாங்கள் தீர்மானித்தது இது. சேர்த்த பணத்தில் 700 நிட்ஸ் அளவுள்ள, திரை சேர்ந்த ஒரு ரிமோட் வாங்குவோம், அதற்கொரு மறைப்பும். பெரிய மொனிற்றர் வாங்கமாட்டோம். பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும், எடுத்த வீடியோவைக் கூடாரத்துக்குள் மடிக்கணினியில் பிறகு போட்டுக் காட்டுவோம். அப்போது ஓட்டுபவரைச் சுற்றிக் கூட்டம் சேராது. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் திரையைப் பார்க்காமல் ட்ரோனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். 'இறக்கு' என்று அவர் சொன்னால் கேள்வி கேட்காமல் இறக்கவேண்டும். இன்னொருவர், ட்ரோன் எழும்புமுன் பாய் பாயாகப் போய், "இப்போது பறக்கவிடப்போகிறோம், சத்தம் கேட்கும், ஐந்து நிமிடந்தான். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பார். ஒருவர் வேண்டாம் என்றால் அன்று அந்தப் பக்கம் பறக்கமாட்டோம். எல்லாரும் முறைமாறி இந்த மூன்று வேலைகளையும் செய்வோம்.

இந்தத் தீர்மானத்தை முதலில் அந்த அண்ணாவிடம் போய்ச் சொன்னோம். கடந்த ஆண்டுக்காக மன்னிப்பும் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அடுத்த முறை வானத்தைப் பார்க்கிற ஆளாக என்னையும் போடுங்கோ. எனக்கு அது நல்ல பழக்கம்" என்றார். அவர் பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறோம். மற்ற இடங்களுக்கு உங்கள் பெயர்களைத் தாருங்கள்.