வடகொங்கணச் சிலாகாரர்: பெயரும் மொழியும்

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகள் இன்று தமிழர் வாழ்விடங்களாக அறியப்படுகின்றன. இவை அமைந்த கடற்கரை நாட்டைக் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஆண்டவர் வடகொங்கணச் சிலாகாரர் ஆவர். இம்மரபினர் எம்மொழியினர் என்னும் வினா நெடுங்காலமாக இருந்து வருகிறது. அரசரின் பெயரைக் கொண்டு ஒரு நிலத்தின் மொழியை முடிவு செய்யலாமா என்பதே அவ்வினாவின் உட்கிடையாகும்.

வடகொங்கணம், தென்கொங்கணம், கோலாப்பூர் என மூன்று கிளைகளாகச் சிலாகாரர் ஆண்டனர். மூன்று கிளையினரும் தம்மைத் 'தகரபுரத் தலைவர்' என்று கூறிக்கொண்டனர். தகரபுரம் என்பது இன்றைய மராட்டிய மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள தேர் என்னும் ஊர். வித்தியாதர இளவரசன் சீமூதவாகனன் கருடனுக்குத் தன்னையே பாறைமீது உணவாக அளித்தான் என்பது தொன்மம். 'சிலா' (பாறை), 'ஆகாரம்' (உணவு) எனப் பிரித்துத் தம் குலப்பெயருக்கு இவர்கள் அதனையே காரணமாகக் காட்டினர். ஆயின் கல்வெட்டுகளில் 'சிலார', 'சேலார' என்னும் வடிவங்களும் காணப்படுகின்றன. வழக்கிலிருந்த குலப்பெயர் முதலில் வடமொழியாக்கம் பெற்றது; அதன் பின்னரே அதற்கேற்ற கதை பொருத்தப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும். தமிழகத்து ஊர்ப்பெயர்களுக்கு எழுந்த தலபுராண விளக்கங்களோடு இதனை ஒப்பிடலாம்.

வடகொங்கணக் கிளையின் முதல்வன் முதலாம் கபர்தி. அவனுக்குப் பின் வந்த புல்லசக்தி, இரண்டாம் கபர்தி ஆகியோர் இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷனுக்கு அடங்கியவர்கள் என்பதைக் கன்னேரிக் குகைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அவற்றுள் ஒன்று சக ஆண்டு 765-ஐ (கி.பி. 843) சார்ந்தது. கௌட நாட்டுப் பௌத்தன் ஒருவன் அங்கு நூறு திரம்மக் காசுகளை அளித்த செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைமூர் என்னும் சேவுல் துறையைக் கண்ட அரபு அறிஞர் மசூதி, அங்குப் பதினாயிரம் முஸ்லிம்கள் வாழ்ந்ததாகவும் அரசன் ஜஞ்ஜன் என்றும் எழுதினார். ஆகவே இந்நாடு தொடக்கம் முதலே பன்மொழியாளர் கூடிய துறைமுக நாடாகும்.

கி.பி. 973-இல் இராட்டிரகூடர் வீழ்ந்தனர். அபராஜிதன் வெளியிட்ட 997-ஆம் ஆண்டுப் பாதானப் பட்டயம் தன் பழைய தலைவர்களின் வழிமுறையைக் கூறி, அவர்தம் அழிவுக்கு இரங்குகிறது. வென்ற சாளுக்கியரைத் தலைவராக அது ஏற்கவில்லை. அரிகேசரியின் தாணேப் பட்டயம் 1017-ஐயும், சித்தராசனின் பாண்டூப்புப் பட்டயம் 1026-ஐயும் சார்ந்தவை. மும்முனி அரசன் காலத்தில், சக ஆண்டு 982-இல் (கி.பி. 1060) பொறிக்கப்பட்ட கல்வெட்டு அம்பர்நாத் சிவன் கோயிலில் உள்ளது.

இப்பெயர்களை நோக்குக. கொக்கி, வப்புவண்ணன் போன்றவை கன்னடச் சாயல் உடையவை. வடமொழிப் பட்டயங்களிலேயே 'கண்ட' (வீரன்) என்னும் கன்னடச் சொல் அடங்கிய விருதுகள் வருகின்றன. அபராஜிதன், அநந்ததேவன் என்பன வடமொழிப் பெயர்கள். அரிகேசரி என்பது ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஒருவனுக்கும் உரிய பெயர். அதனால் கொங்கண அரிகேசரியைத் தமிழன் எனல் ஆகாது. பெயர் என்பது அரச மதிப்பின் அடையாளம். அது தாய்மொழிச் சான்று அன்று.

மக்கள் மொழிக்குரிய சான்று வேறிடத்தில் உள்ளது. சோழர் செப்பேடுகளில் புகழ்மாலை வடமொழியிலும், நில எல்லையும் வரி விலக்கும் தமிழிலும் அமைவது வழக்கம். சிலாகாரர் பட்டயங்களில் கொடைச் செய்தியும் வடமொழியிலேயே அமைகிறது. எனினும் ஊர்ப்பெயர்களில் வட்டார வழக்கு வெளிப்படுகிறது. சட்சஷ்டி (அறுபத்தாறு) என்னும் நாட்டுப்பெயர் சாஷ்டி ஆகி, போர்த்துக்கீசியர் வாயில் சால்செட் ஆயிற்று. ஸ்ரீஸ்தானகம் தாணே ஆயிற்று. மாட்டுங்காவுக்குச் சற்றுத் தெற்கே பரேலில் கிடைத்த அபராதித்தனின் சக ஆண்டு 1108 (கி.பி. 1187) கல்வெட்டு இன்னும் தெளிவான சான்றாகும். அதன் கொடைப்பகுதி வடமொழியில் உள்ளது; கொடையை அழிப்பவனுக்குரிய சாபமோ பழைய மராத்தியில் உள்ளது. சாபம் அஞ்சப்பட வேண்டுமாயின் அது புரிந்தாக வேண்டும். தமிழ்க் கல்வெட்டுகளின் ஓம்படைக்கிளவியும் இந்நோக்கிலேயே மக்கள் மொழியில் அமைந்தது.

இறுதி அரசன் சோமேசுவரன், யாதவ மன்னன் மகாதேவனோடு செய்த போரில், 1265 அளவில், கடலில் மாண்டான். போரிவிலி அருகே ஏக்சாரில் உள்ள, கடற்போர்க் காட்சிகள் செதுக்கப்பட்ட நடுகற்களை அப்போரோடு ஆய்வாளர் சிலர் தொடர்புபடுத்துவர்.

சிலாகாரரின் விருதுகள் கன்னடத்தையும், பட்டயங்கள் வடமொழியையும், சாபம் மராத்தியையும் காட்டுகின்றன. இம்மூன்றனுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்நிலம் எம்மொழியாருடையது என வாதிடுதல் சான்றுகளைப் பாதியில் விடுவதாகும். அரசர் எம்மொழியில் புகழப்பட்டனர் என்பதும், குடிகள் எம்மொழியில் எச்சரிக்கப்பட்டனர் என்பதும் வெவ்வேறு வினாக்கள். இரண்டாம் வினாவே மொழி வரலாற்றுக்கு உரியது.