திரையில் எழுத்தை அளத்தல்: ஓர் உழைப்பு வரலாறு

கணினித் திரையில் எழுத்து வரையப்படும் முறையினைத் தொழினுட்ப வல்லுநர் தூய கணிதப் பிரச்சினையாகவே நோக்குவர். ஆயின், அங்கு வழங்கும் சொற்களே அதன் சமூக அடித்தளத்தைக் காட்டிக்கொடுத்து விடுகின்றன. வரிகளுக்கிடையேயுள்ள வெளி இன்றும் 'லெடிங்' எனப்படுகின்றது. அச்சுக்கோப்பாளர் வரிகளுக்கிடையே செருகிய ஈயத் தகட்டினின்றும் பிறந்த பெயர் அது. திரையில் ஈயம் இல்லை. பெயர் மாத்திரம் எஞ்சி நிற்கின்றது.

அளத்தல் இயந்திரமயமானமை கணினியுடன் தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டொல்பர்ட் லான்ஸ்ரன் உருவாக்கிய மொனோரைப் இயந்திரம், எழுத்தின் பருமனுக்கு ஒத்த அகலத்தை 18 அலகுகளாகப் பகுத்து அளந்தது. விசைகள் அழுத்தப்பட அகலங்கள் கூட்டப்பட்டன. வரி முடிவில் எஞ்சும் இடம் சொல்லிடை வெளிகளுக்குப் பங்கிடப்பட்டது. 1984இல் வெளிவந்த அப்பிள் மக்கின்டொஷில், பில் அற்கின்சன் ஆக்கிய குயிக்ட்ரோ, ஒரு தொடரை வரையுமுன் அதன் அகலத்தைக் கேட்டறிய வழிசெய்தபோது நிகழ்ந்ததும் சாராம்சத்தில் இதே கூட்டலே. பெட்டியின் அகலத்திலிருந்து அத்தொகையைக் கழித்து, மீதியை இரண்டாக்கினால் சொல் நடுவில் அமைந்துவிடும். நிலைக்குத்தாக நிறுத்துவதே சிக்கலானது. குயிக்ட்ரோ எழுத்துக்கள் நிற்கும் ஆதாரக் கோட்டினைத் தொடக்கமாகக் கொண்டது. 1985இல் வந்த மைக்ரோசொப்ட் விண்டோஸ், வேறு கட்டளை இல்லாவிடில், எழுத்துப் பெட்டியின் மேல் இடது மூலையைக் கொண்டது. முன்னதில் அச்சுக்கோப்பாளரின் கண்ணும், பின்னதில் பெட்டி அடுக்குவோரின் கண்ணும் தெரிகின்றன என்போம்.

அக்கண்ணுக்கு உரியோர் என்னவாயினர்? 1974இல் நியூயோர்க் பத்திரிகை அச்சுக்கோப்பாளர் சங்கம், வாழ்நாள் வேலை உத்தரவாதத்துக்கு ஈடாகத் தன்னியக்கத்தை ஏற்றுக்கொண்டது. 1978 யூலையில் 'நியூயோர்க் ரைம்ஸ்' ஈய அச்சுக்கோப்பைக் கைவிட்டது. 1986இல் லண்டன் வொப்பிங் போராட்டத்தில் 5,000க்கு மேற்பட்ட அச்சுத் தொழிலாளர் வேலையிழந்தனர். அங்கு அத்தகைய உத்தரவாதமும் கிட்டவில்லை. தொழிலாளியின் விரலில் இருந்த அறிவு நிரலாகியது. நிரல் மூலதனத்தின் உடைமையாயிற்று.

இக்கூட்டற் கணக்கு தமிழிலே தடுமாறியமை கவனிக்கத்தக்கது. 1991இல் வெளியான யூனிக்கோட் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டே குறியீடுகளாற் சேமிக்கப்படலாம். வரையும்போதோ உருக்கள் மூன்று; ககரம் நடுவில் நிற்கும். குறியீடுகளைத் தனித்தனி அளந்து வரிசையாக வைத்தால் எழுத்துச் சிதையும். விண்டோஸ் 2000 கொண்டிருந்த யூனிஸ்கிரைப், முதலில் தொடரை உருவமைத்து, அதன் பின்னரே அளந்தது. ஈய எழுத்திலே தமிழ் கோத்த தொழிலாளியோ கொம்பை முன்னும் அரவைப் பின்னும் வைத்து, அதனை நாள்தோறும் கையாற் செய்துவந்தவன்.