தாம்பரம் வட்டாரக் கல்லூரி மாணவர் பாதுகாப்பு

பரங்கிமலையிலிருந்து செங்கல்பட்டு வரை, ரயில் பாதையையும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையையும் ஒட்டி அமைந்த கல்லூரிகளில் படிப்போரின் உயிர், உடைமை, அந்தரங்கம் ஆகியவற்றைக் காக்கும் சட்டங்களும் அமைப்புகளும் நடைமுறைகளும் இத்தலைப்பில் அடங்கும். கல்லூரி வாசலுக்கும் தங்கும் அறைக்கும் இடைப்பட்ட வழிதான் இதில் மிகவும் பலவீனமான இடம். அந்த வழியை முழுப் பொறுப்பில் வைத்திருப்பவர் என்று எவரையும் சுட்டிக்காட்ட முடியாது.

வட்டாரம்

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரத்தை விட்டுக் கிழக்குத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்கு இடம் மாறியது. 1949-இல் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) தொடங்கப்பட்டது. பின்னர் தனியார் பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் பல்லாவரம், சேலையூர், வண்டலூர், பொத்தேரி என்று தெற்கே பரவின. விடுதியில் இடம் கிடைக்காதவர்களும் விடுதி பிடிக்காதவர்களும் பி.ஜி. அறைகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் சேர்ந்து தங்குகிறார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், ஊருக்குப் போய்த் திரும்பும் மாணவர்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் பையோடு இறங்கும் இடம் கோயம்பேட்டிலிருந்து இங்கே வந்துவிட்டது.

தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி முதல் இயங்குகிறது. ஆனால் ரயில் நடைமேடையில் நடப்பது ரயில்வே காவல்துறையின் எல்லை. படியிறங்கிச் சாலைக்கு வந்தால் உள்ளூர் காவல் நிலையம். பல்லாவரத்துக்கு வடக்கே போனால் சென்னை மாநகரக் காவல். செல்போனைப் பறிகொடுத்த முதலாண்டு மாணவருக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பூஜ்ய எப்.ஐ.ஆர். என்பது இதுதான். ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

சட்டங்கள் பிறந்த விதம்

தமிழ்நாட்டில் மாணவர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு மாணவர் சாவுகளின் வரலாறாகவே இருக்கிறது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதை அடுத்து 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும் என்பதும், தண்டனை பெற்றவரைக் கல்லூரியை விட்டு நீக்க வேண்டும் என்பதும் அதன் விதிகள். 1998 ஜூலையில், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அத்துமீறலால் கீழே விழுந்து தலையில் அடிபட்ட எத்திராஜ் கல்லூரி மாணவி உயிரிழந்தார். அதே மாத இறுதியில் அவசரச் சட்டம் வந்தது. அது சட்டமாகி, 2002 திருத்தத்துக்குப் பின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது.

இந்தச் சட்டத்தில் பலரும் அறியாத ஒரு விதி உண்டு. பேருந்தில் துன்புறுத்தப்பட்ட பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். அது அவர்களின் கடமை. மனம் இரங்கிச் செய்யும் உதவி அன்று. கல்வி நிறுவனம், திரையரங்கம், கோயில் போன்ற இடங்களின் பொறுப்பாளர்களுக்கும் தடுக்கும் கடமையும் காவல்துறைக்குச் சொல்லும் கடமையும் உண்டு. ஒவ்வொரு மாநகரப் பேருந்திலும், திருக்குறளுக்குப் பக்கத்தில், இந்த விதியை எழுதி வைத்திருக்க வேண்டும்.

2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில், நீண்ட நாளாகப் பின்தொடர்ந்து வந்தவர் ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றார். மாணவியின் குடும்பம் முன்பே காவல்துறையிடம் முறையிட்டிருந்தது. 2024 டிசம்பர் இறுதியில் சென்னை மகளிர் நீதிமன்றம் கொன்றவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. பின்தொடர்தல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். நேரில் பின்தொடர்வதும், பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். அதைக் காதல் விவகாரம் என்று பேசி எச்சரித்து அனுப்பும் பழக்கம் எத்தனை ஆபத்தானது என்பதைப் பரங்கிமலை நடைமேடை காட்டியது.

வளாகத்துக்குள்

2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவர் புகுந்து மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்தார். மாணவி அஞ்சி ஒதுங்காமல் மறுநாளே புகார் கொடுத்தார். ஆனால் அவருடைய அடையாள விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அதன் வாசகமே பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லும் தொனியில் இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் நடந்து ஆறு மாதம் முடியுமுன் தீர்ப்பு வந்தது ஆறுதல். புகார் கொடுத்தவரின் பெயர் காக்கப்படும் என்ற நம்பிக்கைக்கு நேர்ந்த சேதம் அத்தனை சீக்கிரம் ஆறாது.

கல்லூரிக்குள் ஆசிரியர், ஊழியர், சக மாணவர் எவர் மீதான பாலியல் புகாரும் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு அவகாசத்தை நீட்டிக்கலாம். குழுவின் தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கில் மாணவப் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். குழுவிடம் போவதால் காவல்துறைக்குப் போகும் உரிமை குறையாது.

வாடகை அறை

2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் மின் பிளக் துளைக்குள் ஒளித்து வைத்த கேமராவைத் தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தனர்; விடுதி நடத்தியவர் கைதானார். மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்வது வாடகைதாரரின் உரிமை. காட்டத் தயங்கும் இடத்தில் தங்காமல் இருப்பது நல்லது.

ஆண் மாணவர் அறைகளின் சிக்கல் வேறு. 2024 ஆகஸ்ட் இறுதியில் பொத்தேரி அடுக்குமாடிகளில் ஏறக்குறைய ஆயிரம் காவலர்கள் ஒரே நாளில் சோதனையிட்டுக் கஞ்சா பறிமுதல் செய்தார்கள். போதைப்பொருளோடு பிடிபடும் மாணவர் படிப்பையும் பாஸ்போர்ட்டையும் பணயம் வைக்கிறார். வங்கிக் கணக்கைச் சில ஆயிரம் ரூபாய்க்குப் பிறருக்குக் கொடுப்பதும் இதே போன்ற பொறி: மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியே போனால் முதலில் விசாரிக்கப்படுபவர் கணக்கின் சொந்தக்காரர்தான்.

வீடு பார்க்கும்போது நீர் நிற்கும் இடமா என்றும் கேட்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர் பகுதியில் வெள்ளம் புகுந்தது.

ரயில்

இந்த வழித்தடத்தில் படிக்கட்டுப் பயணமும் தண்டவாளம் கடப்பதும் குற்றவாளிகள் எவரும் இல்லாமலே உயிரைப் பறிப்பவை. 2018 ஜூலை 24 காலை, மின்கம்பிக் கோளாறால் ரயில்கள் தாமதமாகிக் கூட்டம் பிதுங்கியிருந்தது. விரைவுப் பாதையில் திருப்பிவிடப்பட்ட திருமால்பூர் ரயிலின் படிகளில் தொங்கியவர்கள் பரங்கிமலையில் பாதையோரச் சுவரில் மோதி இறந்தார்கள். வழக்கமான பாதையில் அந்தச் சுவர் குறுக்கிடாது. தினமும் தொங்கிப் பழகியவரின் கணக்கு ஒரு பாதை மாற்றத்தில் பொய்த்துவிட்டது.

உதவி எண்கள்

அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, ரயிலில் 139, இணையப் பண மோசடிக்கு 1930, ராகிங்குக்கு 1800-180-5522, மன உளைச்சலுக்கு 14416. பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930-ஐ அழைத்தால் தொகையை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலி, இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும்.

விடுதி நேரக் கட்டுப்பாடு

பாதுகாப்பின் பெயரால் மகளிர் விடுதிக் கதவை மட்டும் முன்னதாகப் பூட்டுவது பழைய வழக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறை இதை ஏற்கவில்லை. ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் மீது சுமத்தப் பாதுகாப்பைக் காரணம் காட்டக்கூடாது என்கிறது. போதுமான விளக்கு, நம்பகமான போக்குவரத்து, சுத்தமான கழிப்பறை ஆகியவற்றை நிறுவனத்தின் பொறுப்பில் சேர்க்கிறது. கல்லூரி மதிலைத் தாண்டியும், நிறுவனம் தரும் போக்குவரத்தையும் கல்விப் பயணங்களையும் அந்த விதிமுறை உள்ளடக்குகிறது; ஆனால் பொதுத் தெரு அதன் எல்லைக்குள் வராது. அதற்கப்பால், பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை தெருவிளக்குகள் 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பு. எரியாத விளக்கைப் பற்றி வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சியிடமும் அங்கே வாடகைக்கு இருக்கும் மாணவரும் புகார் சொல்லலாம். அதற்கு அந்த ஊர் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை.