வயிற்றைச் சுருக்கிய கதையும் ஒரு பழைய வரலாற்றுப் பாடமும்



சென்ற மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு கல்யாணத்தில் பாதிப்பேர் என்னை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். மீதிப்பேர் என் மனைவியை ஓரமாக அழைத்து, "சாருக்கு என்னம்மா, ஏதாவது பெரிய வியாதியா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆளாளுக்கு ஒன்று நினைத்துக்கொள்வதைவிட நானே சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வியாதி எதுவும் இல்லை. 124 கிலோ இருந்தேன், இப்போது 86. பத்து மாதத்துக்கு முன்பு வெளியூரில் எடைக் குறைப்புக்கான பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இதயத்தில் செய்வது வேறு, இது வயிற்றில் செய்வது. இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையைப் பிரித்து, அதில் சிறுகுடலைக் கொண்டுவந்து இணைக்கிறார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரவில் மூச்சுத் திணறல் எல்லாம் சேர்ந்துவிட்டதால் டாக்டர்கள் சொல்லித்தான் செய்தேன். யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். "வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான்" என்று பேசுவார்களோ என்று நினைத்தேன்.

அறுவை சிகிச்சையைவிடக் கஷ்டமாக இருந்தது அதற்குப் பிறகு வந்த பயம். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இதே மாதிரி எடைக் குறைப்பு சிகிச்சைக்குப் போய் உயிரிழந்த செய்தியும், அரசு விசாரணை நடத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் செய்தியை அப்போது ஒருமுறைதான் படித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் இரவில் அது ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே போட்ட தையல் விட்டுவிடுமோ, கசிவு வருமோ என்று நடு இரவில் எழுந்து உட்கார்ந்து நாடி பார்ப்பேன். கடிகாரத்தில் ஒரு நிமிடம் எண்ணி முடித்ததும், சந்தேகத்தில் மறுபடி எண்ணுவேன். பயத்திலேயே நாடி கூடும், கூடியதைப் பார்த்து பயம் இன்னும் கூடும்.

முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்தியவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஒரு விஷயம் பயமுறுத்தினால், அது எப்போது தொடங்கியது, முதலில் யாருக்கு நடந்தது என்று தேடுவது. தேடினேன்.

1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ராத் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய் வந்த இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, மீதியைக் குடலோடு இணைத்தார். அந்தப் பெண் அறுவை சிகிச்சையிலிருந்து பிழைத்தெழுந்தார். சில மாதங்களில் புற்றுநோய் பரவி இறந்தார் என்றாலும், தைத்த இடம் தாங்கியது. வயிற்றை வெட்டி ஒட்டினால் மனிதன் உயிரோடு இருக்க முடியும் என்று உலகம் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

எடையைக் குறைப்பதற்காகவே குடலை மாற்றித் தைப்பது 1954-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் ஆகியோர் எழுதிய கட்டுரையோடு தொடங்குகிறது. அதைத் தொடர்ந்து வந்த முறையில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுவார்கள். எடை நன்றாகக் குறைந்தது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு என்று வரிசையாகத் தொல்லைகள் வந்தன. பலருக்கு மறுபடி திறந்து பழையபடி மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் அந்த முறையையே கைவிட்டார்கள். 1966-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிகாஷி இடோ என்ற இருவர் வேறு வழி கண்டார்கள். குடற்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்த பெண்களுக்கு அதன்பின் எடை ஏறுவதில்லை என்பதைக் கவனித்துத்தான் மேசன் இந்த யோசனைக்கு வந்தார். எனக்குச் செய்தது அந்த வழியில் வந்ததுதான். மேசன் 100 வயது வரை இருந்து 2020-ல் காலமானார். அவரிடம் எனக்குப் பிடித்தது, வெற்றிகளை மட்டும் எழுதி வைக்காமல், யாருக்கு என்ன சிக்கல் வந்தது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று வலியுறுத்தியதுதான்.

அப்படிப் பதிவேடு வைத்ததால்தான் இன்று நமக்குக் கணக்கு தெரிகிறது. அமெரிக்காவில் சுமார் 4,700 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 3 பேர். பெரிய சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்றுமேல். இதைப் படித்த அன்று நன்றாகத் தூங்கினேன். முதல் மாதமும் தாண்டிவிட்டது. இனி ஆபத்து இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

தப்பு அங்கேதான் நடந்தது.

மூன்றாவது மாதம் சாப்பிட்டதெல்லாம் நெஞ்சில் நின்றது. பிறகு வாந்தி. முதலில் ஒருவேளை, அப்புறம் மூன்று வேளையும். மாத்திரையும் வாந்தியோடு வெளியே வருகிறதே என்று வைட்டமின் மாத்திரைகளை நானாக நிறுத்தினேன். "நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம், நாம் மென்று தின்னவில்லை, அதுதான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்து நாள் போயிற்று. பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. நடந்தால் ஒரு பக்கம் தள்ளியது. பலவீனம் என்று நினைத்தேன். நாடி மட்டும் இரவில் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அது சரியாக இருந்தது.

அன்று மாலை ஒரு மாணவி போன் செய்தாள். வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளை. கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கி வந்து, விடுதியில் தங்கிப் படித்தவள். இப்போது செவிலியராக இருக்கிறாள். வீட்டில் ஏதோ விசேஷத்துக்கு அழைக்கத்தான் கூப்பிட்டாள். என் குரலைக் கேட்டதும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு வீடியோவில் வரச் சொன்னாள்.

"சார், என் விரலைப் பாருங்க. ஒண்ணா தெரியுதா, ரெண்டா தெரியுதா?"

"ரெண்டு மாதிரி இருக்கும்மா. கண்ணாடி மாத்தணும்."

"கண்ணாடி இல்ல சார். எழுந்து நாலடி நடந்து காட்டுங்க."

நடந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையில போலாம்னு நினைக்காதீங்க சார், இப்பவே கிளம்புங்க. போனதும் சிகிச்சை பண்ணிக்கிட்டதையும் பத்து நாளா வாந்திங்கறதையும் சொல்லுங்க. குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி வைட்டமின் பி1 ஊசி போடணுமான்னு கேளுங்க. அம்மாகிட்ட போனைக் குடுங்க, நான் அவங்ககிட்டயும் சொல்றேன்."

வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவள். அன்று அவள் சொன்னதைக் கைகட்டிக் கேட்டேன். போனோம். ஊசி போட்டார்கள். மறுநாள், குடலையும் பையையும் இணைத்த இடம் சுருங்கியிருப்பதைக் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, பலூன் வைத்து விரித்தார்கள். சில நாளில் பார்வை சரியானது. நடை தேற ஒன்றரை மாதம் ஆனது. கால் விரல்களில் மதமதப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் நினைவாற்றலே போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வரலாற்று வாத்தியாருக்கு ஞாபகம் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கும், சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து மறுபடி தேடினேன். இந்த நோயை முதலில் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே. ஆண்டு அதே 1881. அவர் எழுதிய மூன்று நோயாளிகளில் இருவர் குடிக்கு அடிமையானவர்கள். மூன்றாவது ஆள் 20 வயதுத் தையல்காரப் பெண். அமிலம் குடித்துப் பிழைத்தவள். ஆனால் இரைப்பையின் வாய் சுருங்கிவிட்டதால் ஓயாமல் வாந்தி. கண் பார்வை குழம்பி, நடை தள்ளாடி, நினைவு மங்கி இறந்தாள். எனக்கு வந்தது அவளுக்கு வந்ததேதான். காரணம் என்னவென்று அன்று யாருக்கும் தெரியாது.

காரணம் தெரியவந்த கதையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு கிழக்காசியா முழுவதும் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் மக்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், இதயம் வீங்கும். மலாயாவில் வேலை பார்த்த பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி வருகிறது, தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. அவர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. 1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்தார். பச்சரிசி தின்ற 120 பேரில் 36 பேருக்கு நோய் வந்தது, 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி தின்றவர்களில் புதிதாக யாருக்கும் வரவில்லை. அந்த 120 பேரிடமும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. விடியற்காலையில் அண்டாவில் நெல் அவித்துக் களத்தில் காயப்போட்ட நம் அம்மாக்களுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. 1918-ல் நம் குன்னூரில் ஒரே ஓர் அறையில் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, பின்னாளில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. 1926-ல் ஜாவாவில் அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1936-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். அதுதான் பி1, தயமின். எனக்குப் போட்ட ஊசி.

இந்தச் சத்தை உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைக்காது. அதனால்தான் வாந்தி தொடர்ந்தால் நாட்களை எண்ண வேண்டும். நானோ நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் பயம் போய்விடவில்லை. அதற்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு அதில் எழுதுவதோடு சரி, இரவில் தொடுவதில்லை. மூன்று பக்கம் பிரித்திருக்கிறேன்.

முதல் பக்கம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை: காய்ச்சல், மூச்சுத் திணறல், ஓய்வில் இருக்கும்போதும் குறையாத வேக நாடி, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, கறுப்பாக மலம் போவது, தண்ணீர்கூட தங்காமை, நாள் கணக்கில் வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம். பைபாஸ் செய்தவருக்கு வருடங்கள் கழித்துக் கடும் வயிற்று வலி வந்தாலும் இந்தப் பக்கம்தான்.

இரண்டாம் பக்கம், பொறுத்துப் பார்க்க வேண்டியவை. அந்தக் கல்யாணத்தில் ஆசைக்கு ஐந்தாறு கரண்டி பாயசம் குடித்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்து, படபடத்து, தலை சுற்றியது. இனிப்பு வேகமாகக் குடலில் இறங்குவதால் வருவது. ஓர் ஓரமாகச் சாய்ந்திருந்தேன், அடங்கியது. முன்பாக இருந்தால் அன்றைக்கே உயில் எழுதியிருப்பேன்.

மூன்றாம் பக்கம், தினமும் செய்ய வேண்டியவை: வைட்டமின் மாத்திரை, புரதம், நடை, குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை கூடவே கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும்.

போன வாரம் அந்த மாணவி மலையிலிருந்து இரண்டு படி சாமை கொண்டுவந்தாள். பாட்டி காலத்தில் மலையில் சாமையும் தினையும்தான் சாப்பாடு, இப்போது எல்லாம் தீட்டிய வெள்ளை அரிசிதான் என்றாள். குழைய வேகவைத்து மோர் ஊற்றி, மூன்று கரண்டி சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. "அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க சார்" என்று மிரட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

உங்களில் யாராவது இந்த சிகிச்சை செய்திருந்தால், அல்லது செய்ய நினைத்துக்கொண்டிருந்தால், என்னைப் போல மறைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். நான் மறைத்திருந்ததால், அந்தப் பிள்ளை தற்செயலாகப் போன் செய்யாவிட்டால் கேட்க ஆளே இருந்திருக்காது. மாலை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். கூப்பிடுங்கள், பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்
கள்ளக்குறிச்சி