சாய்ந்து நிற்கும் தடித்த எழுத்து

தெருவில் நடப்பவனை நிறுத்த வேண்டும். நின்றவன் படிக்க வேண்டும். படித்தவன் மாலையில் கூட்டத்துக்கு வர வேண்டும். ஏட்டில் அடங்கி ஒடுங்கி வரிசை பிடித்து நிற்கும் எழுத்தால் ஆகிற காரியமா இது? இதற்கென்றே பிறந்தது ஓர் எழுத்து. தடித்தது, வலப்பக்கம் சாய்ந்தது, முனைகளில் அணிக்கோடு ஏதுமற்றது. மன்னர் கதை எழுதினோம், மடங்களின் கதை எழுதினோம். புளியந்தோப்புச் சுவரில் நின்று பாட்டாளியோடு பேசிய இந்த எழுத்தின் கதையை நாம் எழுதினோமில்லை.

மேனாட்டார் எழுதி வைத்துள்ளனர். 1501-ல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் வர்ஜிலின் பாடல்களை முழுவதும் சாய்வெழுத்தில் அச்சிட்டார். அதை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிப்போ. அணிக்கோடற்ற எழுத்து, 1816 அளவில் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லனின் மாதிரிப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியாக எட்டிப் பார்த்தது. 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் பொறி கொண்டு மரத்தில் பெரிய எழுத்துகளை வெட்டத் தொடங்கினார். அதன்பின் நகரத்துச் சுவர்கள் உரக்கப் பேசலாயின. பேசியது பெரும்பாலும் வணிகனின் குரல்.

தமிழில் கதை தலைகீழ்! ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே பருமன். முனையில் அணிக்கோடு கிடையாது. அவர்கள் 1816-ல் புதுமையென்று கண்டது நம் ஓலைக்குப் பழைய இயல்பு. தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும் ஒய்யாரம், ஈயத்தில் எழுத்து வார்த்தவர்கள் பின்னர் சேர்த்த அணிகலன்.

வார்த்தவர்களுக்கோ எழுத்தைப் பெரிதாக்கும் கவலை இல்லை. தரங்கம்பாடிக்கு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்து மிகப் பெரிது. காகிதம் கட்டுபடியாகாதென்று சிறிய எழுத்தை அங்கேயே வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை முடித்தனர். 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி, வேப்பேரியில் பாப்ரிசியஸ் கைக்கு வந்தது. புளியந்தோப்பிலிருந்து வேப்பேரி நடந்துபோகும் தொலைவு. 1862-ல் வின்ஸ்லோவின் பேரகராதியைச் சென்னையில் அச்சிட்ட ஹண்ட்டின் பெருமையும் சிறிய எழுத்தைச் செம்மையாக வார்த்ததே. படிப்பவன் வீட்டுக்குள் விளக்கடியில் அமர்ந்திருப்பான் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு ஆலை வாயிலில் பொய்த்தது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தோழர்கள் திரண்டனர். ஷிப்ட் முடிந்து களைப்போடு நடப்பவனுக்கு அகராதி எழுத்தால் பயனென்ன? பத்தடிக்கு அப்பாலிருந்தே தெரிய வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவனும் தடுமாறக் கூடாது.

தடிப்பாக்குவது எளிதென்று எண்ணுவோர் ‘ண’ என்ற எழுத்தை எடுத்துப் பார்க்கட்டும். ‘ப’, ‘ட’ இரண்டையும் எவ்வளவு பருக்க வைத்தாலும் முகம் கெடாது. ‘ண’வின் சுழிகளோ கோடு பருத்ததும் மூச்சுத் திணறும், மை ஏறினால் கண் மூடிவிடும். உள்கோட்டை மெலிய வைத்து, வெளிக்கோட்டைப் பருக்க வைத்து, அகலத்தையும் சற்றுக் கூட்டிக் கொடுத்தால்தான் பிழைக்கும். சாய்ப்பதில் வேறொரு தொல்லை. ஈய எழுத்தின் உடல் நாற்கட்டம். அதில் சாய்ந்த எழுத்தின் தலை பக்கத்து எழுத்தின்மேல் நீட்டிக்கொள்ளும், அழுத்தத்தில் முறியும். பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போன்ற சுழியையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்! பெரியார் 1935-ல் தம் ஏட்டில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தை 1978-ல் தமிழக அரசு ஏற்று 13 எழுத்துகளை மாற்றியது. கோப்பவன் கையும் கற்கும் பிள்ளையும் இளைப்பாறியது ஒருபுறம். தடித்த எழுத்துக்கும் அன்றுதான் தலைப்பாரம் குறைந்தது.

ஆகவே தமிழில் சாய்ந்த தடித்த எழுத்தை வளர்த்தது வார்ப்பகமன்று, தூரிகை. ஏட்டின் தலைப்பை ஓவியர் வரைந்தார். அது துத்தநாக பிளாக்காகி அச்சேறியது. திரைப்படச் சுவரொட்டியில் அது பாய்ந்தது. சுவரிலோ வெள்ளையடித்து, நூல் பிடித்து, மேலும் கீழும் கோடு போட்டு, புறக்கோடு வரைந்து, வண்ணம் நிரப்பி, நிழலும் இட்டார்கள். அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாடு அறியும்?

இன்று கணினியில் எழுத்துண்டு. இலங்கையரான தாரிக் அஸீஸ் வடித்த ‘கவிவனார்’ சாய்ந்தே பிறந்தது. ‘பாலூ தம்பி’ கொழுத்துத் தடித்தது, பார்க்கவே மகிழ்ச்சி. ஆனால் பிளெக்ஸ் கடையில் அவசரத்துக்கு நடப்பது வேறு: நிமிர்ந்த எழுத்தை எடுத்துப் பொத்தானை அழுத்திச் சாய்த்துவிடுகிறார்கள். வட்டம் நசுங்குகிறது, சுழியின் ஒரு மூலை வீங்க, மறு மூலை வற்றுகிறது. ஆலை 1996-ல் மூடிப் போயிற்று. சுவரெழுத்தாளர்களுக்கும் வேலை அருகிவிட்டது. அவர்கள் கைப்பழக்கத்தில் ஒன்றை மட்டும் இங்கே குறித்து வைக்கிறோம். எழுத்து தடித்துச் சாயும்போது ரகரத்தின் அடிக்கோடு மறைந்து, அது வெறும் கால் போலத் தோன்றும். ‘காரம்’ என்பதில் இரண்டு கால் அடுத்தடுத்து நிற்பதாகப் படும். தேர்ந்த கை அந்த இடத்தில் ரகரத்தின் அடியை வேண்டுமென்றே கீழே நீட்டி, இடப்பக்கம் இழுத்துவிடும்.