நீள்மனை மக்களின் மணிவேலை ஆடைகள்

இன்றைய நியூயார்க் மாநிலத்தையும் அதனையொட்டிய கனடாவின் பகுதிகளையும் தாயகமாகக் கொண்டவர்கள் ஹௌடெனோசௌனி மக்கள். மோகாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா ஆகிய ஐந்து இனங்களின் கூட்டமைப்பில் டஸ்கரோரா இனத்தார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறாவதாக இணைந்தனர். 'இராக்குவா' என்பது பிறர் இட்ட பெயர்; 'நீள்மனை மக்கள்' என்பதே அவர்கள் தமக்குரியதாகக் கொண்ட பெயரின் பொருள். தமிழில் பெருவழக்காக உள்ள 'செவ்விந்தியர்' என்னும் சொல் இவ்வேறுபாடுகளுள் எதனையும் உணர்த்துவதில்லை.

இவர்தம் ஆடைகளில் மிளிரும் பாசிமணிகள் ஐரோப்பாவில் செய்யப்பட்டவை. அதனால் இக்கலையை இரவல் கலை எனக் கருதுவது பொருந்தாது. கண்ணாடிமணி வருமுன்னரே கருஞ்சாயமேற்றிய மான்தோலில் முள்ளம்பன்றியின் முட்களையும் மூஸ் மானின் மயிரையும் கொண்டு இப்பெண்டிர் கோலமிட்டனர். முட்களை நனைத்து மென்மையாக்கித் தட்டையாக்கிச் சாயமேற்றித் தைப்பது நெடும்பொறுமை வேண்டும் பணியாகும். 17ஆம் நூற்றாண்டு முதல் வணிகத்தின் வழியே கம்பளித் துணி, பட்டு நாடா, மணிகள் ஆகியன பெருகின. மான்தோலின் இடத்தைக் கருநீலக் கம்பளியும் முட்களின் இடத்தை வெண்மணியும் பெற்றன. இருண்ட பரப்பில் வெளிர்நிற வளைகோடு என்னும் அழகியல் மட்டும் மாறவில்லை.

பெண்டிர் பாவாடையின் கீழ்விளிம்பில் அரைவட்டங்கள் தொடர்ந்து அமையும். அவற்றின்மேல் கிளைவிடும் செடி எழும். அரைவட்டத்தை வானக் கவிகையாகவும் செடியை விண்ணுலக மரமாகவும் ஆய்வாளர் விளக்குவர். அம்மரத்தடியில் தோன்றிய துளைவழியே வீழ்ந்த வானமகளுக்காக ஆமையின் முதுகில் நிலம் உருவாயிற்று என்பது இம்மக்களின் படைப்புத் தொன்மமாகும்.

1849ஆம் ஆண்டில் லூயிஸ் ஹென்றி மார்கன் நியூயார்க் மாநிலத்திற்காக இவர்தம் பொருள்களைத் திரட்டினார். டோனவாண்டாவில் வாழ்ந்த செனகா இனப் பெண் கரோலின் பார்க்கர் அவருக்காக ஆடைகள் பலவற்றைத் தைத்தளித்தார். 1851இல் மார்கன் வெளியிட்ட நூல், கரோலினின் சகோதரர் ஈலி பார்க்கருக்குக் கூட்டாய்வின் பயன் என்று காணிக்கையாக்கப்பட்டது. சகோதரியின் கைத்திறமோ அந்நூலின் படங்களில் ஆடையாக நிற்கிறது. கூட்டாய்வு என்னும் சொல் ஊசி பிடித்த கையையும் தழுவியிருக்க வேண்டும். அத்தொகுப்பின் பெரும்பகுதி, 1911இல் ஆல்பனி நகர மாநிலத் தலைமைக் கட்டடத்தில் பற்றிய தீயில் அழிந்தமையால் அப்படங்களின் மதிப்பு மேலும் கூடியது.

நிலங்களை இழந்த 19ஆம் நூற்றாண்டில் மணிவேலை பிழைப்புக்கும் துணையாயிற்று. டஸ்கரோரா பெண்டிர் நயாகரா அருவிக்கு வந்தோரிடம் ஊசிமெத்தை, கைப்பை முதலியவற்றை விற்றனர். இரு தையல்களுக்கு இடைப்பட்ட தொலைவுக்குத் தேவையானதினும் மிகுதியான மணிகளைக் கோத்தால் சரம் வில்போல மேலெழும். சரத்தின்மேல் சரம் ஏற, மலரும் பறவையும் புடைத்து நிற்கும். இப்புடைப்பு மணிவேலையைச் சுற்றுலாச் சரக்கென்று நெடுங்காலம் ஒதுக்கிய அருங்காட்சியகங்கள் பின்னரே அதனைக் கலையாக ஏற்றன. அவற்றில் இன்றுள்ள பொருள்களுள் பலவற்றுக்கு இனத்தின் பெயர் உண்டு. தைத்தவர் பெயர் இல்லை.